கடைசிப் பெட்டி

மயிலாடுதுறை சந்திப்பு. நடைமேடை தீரும் இடத்தில்
யாரும் கேட்டு வராத ஒரு பார்சல் பெட்டி.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
அது எங்கள் மேசை.

படங்கள் பறக்காமலிருக்க மூன்று மூலையில் லென்ஸ் மூடி,
நான்காவதில் அமிர்தகடேசனின் மாத்திரை டப்பி.
மதிப்பெண் நோட்டு குபேந்திரனிடம்.
அவன் பேனாவுக்கு இரக்கம் கிடையாது.

சாகுல் வைத்தான்:
கொள்ளிடம் பாலத்தில் சோழன்.
நாணல் பூத்த கரை, மணலில் பாலத்தின் நிழல்,
பதினேழு பெட்டியும் ஒரே வளைவில்.
"உச்சி வெயில்ல எடுத்தா
எஞ்சினுக்குக் கண்ணு குழி விழுந்துடும் தம்பி.
கம்பத்து நிழல் வேற மூக்குல நாமம் போட்டிருக்கு."
ஆறு.

அமிர்தகடேசன் வைத்தார்:
பேரளம் தாண்டி, நடவு வயலுக்கு அந்தப் பக்கம்
பொன்மலையில் புதுச் சாயம் பூசி வந்த டீசல்.
வரப்பில் மூன்று மணி நேரம், கணுக்காலில் அட்டை.
எண் பலகை சுத்தமாய்ப் படிக்க வருகிறது.
ஆனால் முகப்பு விளக்குக்கு நேராக
ஒரு கொக்கு.
கொக்குக்கு அரை மதிப்பெண் கூட்டுவதா குறைப்பதா?
கால் மணி நேரம் போனது.
கூட்டினோம்.
அட்டைக்காக.

நான் வைத்தது உழவன், நள்ளிரவில்.
"ஒரு மனநிலை," என்றேன்.
"இருட்டு," என்று எழுதிக்கொண்டான் குபேந்திரன்.
நாலு.

அப்போதுதான் பிலோமினா வந்தார்.
ஆனதாண்டவபுரம் பக்கம் கேட் கீப்பர்.
சாகுல் அவர் கேட்டில் நின்று படமெடுப்பவன்,
அவன்தான் வரச் சொல்லியிருக்கிறான்.
விதைக்கடை மஞ்சள் பையிலிருந்து
இருபது முப்பது படங்களை எடுத்துப் பரப்பினார்.

ஒன்றில்கூட எஞ்சின் இல்லை.

எல்லாம் போகிற ரயில்.
எல்லாம் கடைசிப் பெட்டியின் முதுகு,
அதில் மஞ்சளாய் ஒரு பெருக்கல் குறி.
மழையில் பெருக்கல் குறி. பனியில் பெருக்கல் குறி.
அறுவடைத் தூசியில், அரைக் கண்ணில், ஒரு பெருக்கல் குறி.
ஒன்றில் சிவப்பு விளக்கு மட்டும்,
மற்றதெல்லாம் கறுப்பு.

குபேந்திரன் பேனா மூடியைக் கடித்தான்.
"போனப்புறம் எடுத்தா அது ரயில் படம் இல்லீங்க.
முகம் வேணும்."

"முகத்தை எப்படி எடுக்கிறது?
அப்போ ஒரு கையில கொடி.
அந்தப் பக்கம் டிராக்டர்காரன் ஆரன் அடிக்கிறான்,
நாத்துக்கட்டு வாடுதும்பான்.
பைக்கைச் சாய்ச்சுக் கம்பிக்கடியில நுழைவானுங்க.
கடைசிப் பெட்டியில இந்தக் குறி இருந்தாத்தான்
வண்டி முழுசாப் போச்சுன்னு அர்த்தம்.
இல்லேன்னா பாதி ரயில் எங்கயோ நிக்குது.
இதைப் பார்த்தப்புறம்தான் கை ஒழியும்.
ஒழிஞ்ச கையால எடுக்கிறேன்."

யாரும் பேசவில்லை என்று எழுத ஆசைதான்.
பேசினோம். சத்தம் போட்டோம்.
விதி விதிதான் என்றான் குபேந்திரன்.
எண் எங்கே என்றார் அமிர்தகடேசன்.
கொக்குக்கு அரை கொடுத்தவர்கள்தானே என்றான் சாகுல்.
கடைசியில் மூன்றரை விழுந்தது.
பிலோமினா நோட்டை எட்டிப் பார்த்து,
"உங்களுக்கு நாலா?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார்.
ஆறு மணிக்கு மாற்றுப் பணி என்று கிளம்பிவிட்டார்.
அந்த இருட்டுப் படத்தை மட்டும்
மாத்திரை டப்பிக்கு அடியில் மறந்துபோனார்,
அல்லது வைத்துவிட்டுப் போனார்.

ஏழு மணிக்குத் திருச்சி வண்டி வந்தது.
மூவரும் முனைக்கு ஓடி
முழங்கால் மடக்கி முகத்தை வாங்கினார்கள்.
நான் கேமராவைத் தூக்கினேன், இறக்கினேன்.
பெட்டிகள் போயின, ஜன்னலோரம் ஒரு குழந்தை
முறுக்கைக் கடித்தபடி போனது,
பிறகு அது வந்தது:
மஞ்சள் குறி, கீழே சிவப்பாய்ச் சிமிட்டல்.

இருந்தது.
சரி, முழுசாய்ப் போகிறது.

படம் எடுக்கவில்லை.
எடுத்திருந்தால் ஆடியிருக்கும்,
மூன்றுகூடத் தேறாது.